வரிசை சொல்லும் குரல்

அத்தியாயம் 17

போன வாரம் தங்கராஜ் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரை விட்டுவிட்டு வந்தோம். மருமகள் சரஸ்வதி நின்றுகொண்டிருந்தாள். பேத்தி ஐஸ்வர்யா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஆமாங்க மாமா, திருவிழாவுல இவ குடிச்சிருக்கா" என்று சரஸ்வதி சொல்லி முடித்திருந்தாள். தங்கராஜ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் திறந்தது.

ஏற்காட்டில் 'தங்கராஜ் சவுண்ட் சர்வீஸ்' என்று கேட்டால் கடைத்தெருவில் யாரானாலும் கையைக் காட்டுவார்கள். அவருடைய அப்பா சேலத்திலிருந்து குழாய் ஸ்பீக்கரைத் தலையில் சுமந்து மலையேறியவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பத்தின் செட் போனாலும், அவர்கள் தலை நிமிர்ந்து நின்றது ஒரே ஓர் இடத்தில்தான். மஞ்சக்குட்டைக்கு அப்பால், பதினெட்டூர் மாரியம்மன் திருவிழாவில்.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் பதினெட்டு ஊர்ப் பெரியவர்களையும் பெயர் சொல்லி அழைத்து மரியாதை செய்வார்கள். அதற்கு வரிசை சொல்வது என்று பெயர். ஊர் பெயர், அப்பா பெயர், பெரியவரின் பெயர். முன்பின் மாறக் கூடாது. தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது ரேஷன் கடையில் என்பார்கள் அந்த மக்கள்.

மூன்று தலைமுறையாக வரிசை சொன்னது தங்கராஜின் குடும்பம். அவருடைய குரல் உடைந்தபோது பதிமூன்று வயது ஐஸ்வர்யா மைக்கைப் பிடித்தாள். இரண்டே முறை கேட்டுப் பதினெட்டு ஊரையும் மனத்தில் ஏற்றிக்கொண்டவள். மூன்று வருடம் அந்தக் குரலை மலையே கேட்டு மெச்சியது.

இந்த வருடம் பதினோரு ஊரைச் சரியாகச் சொன்னாள். பன்னிரண்டாவதாக நெல்லிமரத்தூர். அங்கே பெரியவராக இருந்த வெள்ளையன் நான்கு மாதம் முன்பு இறந்துபோனார். அவர் மகன் ராமனின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஐஸ்வர்யா இறந்தவரின் பெயரைச் சொல்லி அழைத்தாள். அழைத்துவிட்டு, மைக்கிலேயே சிரித்தாள். அதற்குப் பிறகு அவளால் ஓர் ஊரும் சொல்ல முடியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபூசை. அன்று வரிசையை மறுபடி முழுதாகச் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று முடிவெடுக்கத்தான் இன்று மதியம் இரண்டு மணிக்கு ஊர்க்கூட்டம்.

தங்கராஜ் வெளுத்த வேட்டி கட்டி, முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். ஐந்து நாளாகப் பேத்தியிடம் பேசவில்லை. அவள் சிரித்தது திமிர், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது திமிர் என்று எண்ணியிருந்தார். குடித்திருந்தாள் என்று தெரிந்த பிறகு அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கூட்டத்துல காய்ச்சல்னு நான் சொல்லிக்கறேன்" என்றார் மருமகளிடம். "மாத்திரை போட்டு மயக்கம். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்க வேண்டியதில்ல."

"சரிங்க மாமா. இவளுக்குக் காது சரியாக் கேக்கலன்னு இப்போ காது டாக்டர்கிட்டப் போறமே, அங்கயும் காய்ச்சல்தானுங்களா?"

சரஸ்வதி குரலை உயர்த்திப் பேசியதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உயர்த்தாமலே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள். கணவன் தமிழ்செல்வன் செட்டோடு குப்பனூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தாலும் இந்தக் கேள்வியை அவள்தான் கேட்டிருப்பாள்.

"அங்க எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார் தங்கராஜ்.

கேட்டார்கள்.

டாக்டர் ஹசீனா சேலத்தில் இருப்பவர். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஏற்காட்டுக்கு வந்து பார்ப்பார். கடைத்தெரு மசாலாக் கடை ஷேக் தாவூதின் மகள். சின்ன வயதில் தங்கராஜ் கடையில் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கேட்டு வாங்கிப்போய் விளையாடியவர். இன்றும் அவருக்குத் தங்கராஜ் பெரியப்பாதான்.

ஐஸ்வர்யாவைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். தங்கராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீண்ட நேரம் பேத்தியின் கட்டைவிரல் அசையாமல் இருந்த சமயங்கள் சில வந்தன. ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு மணி நேரம் போலிருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு கோடு வந்தது. டாக்டர் விளக்க வாயெடுக்கும் முன்பே தங்கராஜ் அதைப் படித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஈக்குவலைசரைத் திருகியவர் அல்லவா.

"நாலாயிரம் ஹெர்ட்ஸ்ல பள்ளம் விழுந்திருக்குது" என்றார்.

"ஆமாங்க பெரியப்பா. ரெண்டு காதுலயும். பெரும் சத்தத்துக்கு முதல்ல அடிபடறது அந்த இடம்தான். இது ஏறி வருதா, அப்படியே நிக்குதான்னு ரெண்டு வாரம் கழிச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் எந்த ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துலயும் போகக் கூடாது." டாக்டர் ஐஸ்வர்யாவிடம் திரும்பினார். "திருவிழாவுல எங்க உக்காந்திருந்த?"

"ரெண்டு பாஸ் பாக்ஸுக்கும் நடுவுலங்க."

"எத்தனை நாளு?"

"மூணு நாளுங்க. மூணு வருசமாவே அங்கதானுங்க."

தங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காலத்தில் குழாய் ஸ்பீக்கரைச் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டுவார்கள். பேசுகிறவன் மரத்துக்குப் பின்னால் இருப்பான். சத்தம் அவனைவிட்டு ஓடும். பாக்ஸ் தரைக்கு இறங்கியபோது, பேசுகிறவளை ஜனம் பார்க்கட்டும் என்று இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் நாற்காலி போட்டது அவர்தான். பேத்தி பதினெட்டூரும் பார்க்க உட்கார்ந்திருப்பதைத் தூரத்தில் நின்று பார்ப்பது அவருக்குப் பெருமை.

"அன்னிக்கு மைக்குல சிரிச்சேன்னு கேள்விப்பட்டேன், ஏதாச்சும் குடிச்சியா கண்ணு?" என்றார் டாக்டர்.

"எங்க ஊட்டுல அந்தப் பழக்கமே கிடையாதுங்க" என்று தங்கராஜ் முந்திக்கொண்டார்.

"நான் அவளைக் கேட்டேனுங்க பெரியப்பா."

ஐஸ்வர்யா தாத்தாவைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"குடிச்சேனுங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் ரெண்டு மூடி. மூணாம் நாள் காலையில கலர் சோடாவுல கலந்து ஒரு டம்ளர்."

"எதுக்கு?"

"காதுக்குள்ள கொய்ங்னு கத்திட்டே இருந்துச்சுங்க. கண்ண மூடினாலும் நிக்கல. பாக்ஸ் தூக்கற அண்ணனுங்க, ரெண்டு மூடி போட்டா அடங்கிரும்னு அவங்களுக்குள்ள பேசிட்டிருந்தாங்க."

"அடங்குச்சா?"

"அடங்குச்சுங்க. அப்புறம் பயமே இல்லாமப் போச்சுங்க. எல்லாம் சிரிப்பா இருந்துச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. தங்கராஜைப் பார்த்துப் பேசினார்.

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேனுங்க பெரியப்பா. பதினாறு வயசு மூளையில வயர் எல்லாம் இழுத்தாச்சு. வயர் மேல ரப்பர் இன்னும் முழுசா ஏறல. நிதானம் சொல்ற பக்கத்துக்குக் கடைசியாத்தான் ஏறும், இருபது வயசு தாண்டியும் ஆகும். அந்த வயசுல சாராயம் பட்டா நமக்குப் படறதவிட ஆழமாப் படும். ஞாபகத்தைப் பிடிச்சு வைக்கற இடத்தை அது முதல்ல தொடும். கூடவே மூணு நாள் இடி மாதிரி சத்தம், தூக்கமில்ல."

"ரெண்டும் சேர்ந்தா?" என்று கேட்டாள் சரஸ்வதி.

"இளம் எலிகளை வெச்சுப் பார்த்திருக்காங்க. சத்தமும் சாராயமும் சேர்ந்தா ஞாபகமும் மாறுது, எச்சரிக்கையும் மாறுதுங்கறாங்க. பயப்பட வேண்டிய இடத்துக்கே அந்த எலி நேராப் போகுதாம்."

"எம் பேத்தி எலியாங்க?" என்றார் தங்கராஜ். குரலில் விறைப்பு குறையவில்லை.

"இல்லீங்க. அதனாலதான், அவளுக்கும் அப்படியேதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அவ மைக்குல சிரிச்சது திமிர்ல இல்லன்னு மட்டும் சொல்லுவேன். மறதியும் படபடப்பும் கொஞ்ச நாள் இருக்கலாம். நல்லாத் தூங்கட்டும். எப்போ சரியாகும்னு தேதி கேக்காதீங்க."

ஐஸ்வர்யா எழுந்து டாக்டரைக் கும்பிட்டாள். தங்கராஜின் கண் அந்தக் கைகளிலேயே நின்றது. வாழ்நாளில் எத்தனையோ பெரிய மனிதர்கள் ஒரு சின்னத் தப்பைச் சொல்ல முடியாமல் வியர்த்ததை மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். இந்தப் பெண் டம்ளர் கணக்கைக்கூட மறைக்கவில்லை.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜீப் வர இன்னும் நேரம் இருந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாகத் தங்கராஜ் பேத்தியைப் பார்த்து நேராகப் பேசினார். அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று எதிரே திரும்பி உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாட்டிலு எவன் குடுத்தான் கண்ணு?"

"யாரும் குடுக்கலீங்க அப்பாரு." தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் அழைப்பாள். "நானா எடுத்ததுதானுங்க."

"எங்கிருந்து எடுத்த? தூக்கற பசங்க பையிலிருந்தா? பேரச் சொல்லு. அவனை இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்."

அவள் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"மாமா," என்றாள் சரஸ்வதி. "ஆம்ப்ளிபயர் மேசைக்கு அடியில. பச்சைத் துண்டு சுத்தி இருந்ததுங்க."

தங்கராஜுக்கு அந்தத் துண்டு தெரியும்.

திருவிழாவின் முதல் நாள் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் செட்டுக்காரருக்கு மரியாதை செய்வார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், புதுத் துண்டு. துண்டுக்குள் ஒரு பாட்டில். தங்கராஜ் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் மரியாதையை வேண்டாம் என்று தள்ளினால் ஊரை அவமதித்தது போலாகும். ஆகவே இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, துண்டைப் பிரிக்காமலே மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். செட்டைக் கழற்றும் நாளில் தூக்குகிற ஆட்களுக்குப் போய்ச் சேரும். இருபத்தெட்டு வருடம் அப்படித்தான் நடந்தது. குடிக்காமலும் இருந்தாயிற்று, மரியாதையும் கெடவில்லை என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டவர்.

அந்த மேசைக்கும் பேத்தியின் நாற்காலிக்கும் இடையே ஒரு கை நீளம்தான்.

"டாக்டர்கிட்ட இதை ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க குடிக்கறதில்லீங்களே அப்பாரு" என்றாள் ஐஸ்வர்யா. "உங்க பேரு எதுக்குங்க அதுல?"

ஜீப் ஓட்டும் முகமது ஆசிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். வழக்கமாக மஞ்சக்குட்டை போகும்வரை வாய் ஓயாதவன். "ஏனுங்க பெரியவரே, கூட்டத்துக்குப் போறீங்களா, மாப்பிள்ளை மாதிரி இருக்கறீங்க" என்று ஆரம்பித்தவன், கண்ணாடியில் மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, பாட்டையும் நிறுத்திவிட்டுப் பேசாமல் ஓட்டினான்.

கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை. பதினெட்டு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளையனின் மனைவி பூவாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் ராமன். இளைஞர் குழுவின் சார்பில் விக்னேஷ் என்பவன் நின்றுகொண்டிருந்தான்.

ஊர்க் கவுண்டர் தொடங்கினார். "செட்டுக்காரரே, உங்க அப்பன் காலத்துலயிருந்து நம்ம வாசல்ல நின்னு வரிசை சொன்ன குடும்பம். இப்பிடி ஒண்ணு நடந்ததில்ல. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

தங்கராஜ் எழுந்தார். வரும் வழியெல்லாம் வேறு வார்த்தை தேடியிருந்தார். கிடைக்கவில்லை. கூட்டத்தைக் கண்டதும் பழைய வார்த்தையே வந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சலுங்க. மாத்திரை போட்டிருந்தா. மயக்கத்துல..."

"காய்ச்சல்ல யாருங்க சிரிப்பாங்க?" என்றான் விக்னேஷ். "எங்க ஊட்டுல காய்ச்சல் வந்தா முனகுவாங்க. உங்க ஊட்டுக் காய்ச்சல் நொம்ப சந்தோசமான காய்ச்சலா இருக்குதுங்களே."

பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"நாங்க கீழ சேலத்துல ஒரு டிஜே செட்டு பேசி வெச்சிருக்கறமுங்க" என்று தொடர்ந்தான் அவன். "எட்டு பாக்ஸு. அவங்ககிட்ட வரிசையையும் குடுத்துரலாம். வருசா வருசம் ஒரே குடும்பத்துக்கிட்ட எதுக்குங்க?"

அப்போது ஐஸ்வர்யா எழுந்து நின்றாள். தங்கராஜ் கையை நீட்டி உட்காரச் சொன்னார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் உட்காரவில்லை.

"காய்ச்சல் இல்லீங்க" என்றாள். மைக் இல்லை. ஆனாலும் கொட்டகையின் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. "நான் குடிச்சிருந்தேனுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. 'பொட்டப்புள்ள' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. சரஸ்வதி எழுந்து மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை. நின்றாள், அவ்வளவுதான். முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

ஐஸ்வர்யா பூவாயியைப் பார்த்தாள். "உங்க ஊட்டுக்காரர் பேரைச் சொல்லிச் சிரிச்சேனுங்க. என்ன பண்றேன்னு எனக்குத் தெரியல. தெரியாமப் பண்ணினாலும் பண்ணினதுதானுங்க. என்னை மன்னிச்சிருங்க."

பூவாயி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"யாரு குடுத்தா?" என்றார் ஊர்க் கவுண்டர்.

"நானா எடுத்தேனுங்க."

"எங்கிருந்து?"

"அது வேண்டாமுங்க. தப்பு என்னோடதுங்க."

தங்கராஜ் தன் குடும்பத்தின் பெயரை அறுபத்தெட்டு வருடம் காத்தவர். கடன் சொன்னதில்லை, வாக்கு மாறியதில்லை, யார் வாசலிலும் தலை குனிந்ததில்லை. அந்தப் பெயர் தன் முதுகில் நிற்பதாகவே இதுநாள் வரை நம்பியிருந்தார். இப்போது பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் பெயரைக் கீழே போட்டுவிட்டுத் தாத்தாவின் பெயரைக் கையில் ஏந்திக்கொண்டு, பதினெட்டு ஊருக்கு முன்னால் நடுங்காமல் நிற்கிறாள். மதிக்க வேண்டியதை மதிக்கத் தெரிந்தவர் தங்கராஜ். இதைவிட நிமிர்ந்த ஒன்றை அந்தக் குடும்பத்தில் அவர் பார்த்ததில்லை. அவர் அப்பாவிடம்கூட.

"அந்த பாட்டில் என்னுதுங்க" என்றார்.

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"நான் குடிக்கறவன் இல்ல, உங்களுக்கே தெரியும். மரியாதைன்னு வாங்கி, மேசைக்கு அடியில வெச்சேன். எம் பேத்தி உக்காந்திருந்த எடத்துல, கைக்கு எட்டற மாதிரி. ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல அவளை உக்கார வெச்சதும் நான்தான். அவ காதுல அடிபட்டிருக்குதுன்னு இன்னிக்குக் காலையில டாக்டரு கோடு போட்டுக் காட்டினாங்க. காய்ச்சல்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யி. அதுக்கும் நான்தான் பொறுப்பு."

பாட்டில் யார் தட்டிலிருந்து வந்தது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஊர்க் கவுண்டர் தொண்டையைச் செருமி, துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். விக்னேஷ் தன் செல்போனில் எதையோ தேடினான்.

சரஸ்வதிதான் அந்த அமைதியை வீணாக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு விசயம் கேட்டுக்கறேனுங்க. மரியாதைக்கு வெத்தலையும் துண்டும் போதுமுங்க. அப்புறம், பாக்ஸைத் தள்ளி வெச்சு, வரிசை சொல்றவங்களுக்குப் பின்பக்கம் எடம் குடுங்க. சத்தத்தையும் குறைச்சுக்கறோமுங்க."

"சத்தம் கம்மியா இருந்தா மாரியம்மன் நோம்பி மாதிரியே இருக்காதுங்களே அக்கா" என்றான் விக்னேஷ். முன்பிருந்த கேலி குரலில் இல்லை.

"உங்க தம்பி தங்கச்சிங்கதான் தம்பி, பாக்ஸு முன்னால ஆடறது. நாளைக்கு நீங்க பின்னாலயிருந்து கூப்பிட்டா அவங்க திரும்பிப் பாக்க வேண்டாமா?"

விக்னேஷ் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

எல்லோரும் பூவாயியைப் பார்த்தார்கள். காயம் அவளுடையது. முடிவும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"பேரைச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல" என்றாள் பூவாயி. "நாலு மாசமா அவரு பேரை யாரும் எங்காதுல போடறதில்ல, அழுவேன்னு. அன்னிக்கு வெள்ளையன்னு கேட்டதும், வந்துட்டாரோன்னு திரும்பிப் பார்த்துட்டேன். அந்நேரம் பார்த்துச் சிரிப்புச் சத்தம். அதுதான் எரிஞ்சுது."

அவள் ஐஸ்வர்யாவைக் கிட்டே வரச் சொன்னாள். முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கூட்டுலயும் ஆம்பளைங்க குடிச்சிருக்காங்க. ஒருத்தரும் இப்பிடி வந்து நின்னு சொன்னதில்ல. நீ சொல்லிட்ட." பூவாயி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை இந்தப் புள்ளையே வரிசை சொல்லட்டும். டாக்டரு வேண்டாங்கறாங்கன்னா பாக்ஸு வேண்டாம். வாயால சொல்லட்டும். எம் மவன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். நான் முன்னால நின்னு கேக்கறேன்."

ஊர்க் கவுண்டர் தலையசைத்தார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

ஜீப் இறக்கத்தில் இறங்கியபோது ஆசிக்கின் வாய் மறுபடி திறந்துகொண்டது. "பெரியவரே, நானு இத்தன வருசம் உங்களைக் கல்லுன்னு நெனச்சிருந்தேனுங்க." தங்கராஜ் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்ததை ஆசிக் அதுவரை பார்த்ததில்லை.

காப்பித் தோட்டம் ஒன்றைத் தாண்டியதும், பின்சீட்டிலிருந்து ஐஸ்வர்யா கூப்பிட்டாள்.

"அப்பாரு."

"சொல்லு கண்ணு."

"நெல்லிமரத்தூருக்கு மேல எனக்கு வரலீங்க."

அவர் திரும்பினார்.

"அஞ்சு நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கறேனுங்க. பன்னெண்டு ஊரு வருது. அதுக்கு மேல ஆறு ஊரும் வெள்ளையாக் கெடக்குது. நீங்க சொல்லிக் குடுத்தாலும் நிக்காதுன்னு பயமா இருக்குதுங்க. அம்மா நேத்து ராத்திரி நாலு தடவை சொல்லிக் குடுத்தாங்க. காலையில எந்திரிச்சா ஒண்ணுமில்ல."

சரஸ்வதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே சாமி?"

"பூவாயிப் பாட்டி அப்பிடிச் சொன்னதும் உங்க மூஞ்சியப் பார்த்தேனுங்க அப்பாரு. அப்புறம் வாய் வரல."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள். முன்னால் நின்று கேட்பேன் என்று பூவாயி பதினெட்டு ஊர் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள்.

"தாள்ல எழுதிக்கலாமுங்க மாமா" என்றாள் சரஸ்வதி மெதுவாக. "உள்ளங்கையில மறைச்சு வெச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

சொல்லி முடிக்கும் முன்பே அது தன் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"தாள் வெச்சுக்கலாமா வேண்டாமான்னு ஊருதான் சொல்லணும் அம்மிணி" என்றார் தங்கராஜ். "ஆசிக்கு, வண்டியத் திருப்புப்பா."

"இங்கயா? ஒத்த வண்டிப் பாதைங்க பெரியவரே."

"திருப்பு."

அவர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஓரத்தில் நின்று கையைக் காட்டினார். ஆசிக் ஐந்து முறை முன்னும் பின்னும் இழுத்து வண்டியை மேட்டைப் பார்த்துத் திருப்பினான்.

"நீங்க என்னன்னு சொல்லுவீங்க அப்பாரு?" என்றாள் ஐஸ்வர்யா, அவர் ஏறி உட்கார்ந்ததும்.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ சொல்லு. நானு பக்கத்துல நிக்கறேன்."

கூட்டம் இன்னும் முழுதாகக் கலைந்திருக்கவில்லை. தகரக் கொட்டகை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பூவாயி, போன ஜீப் திரும்பி வருவதைப் பார்த்து அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் விக்னேஷும் நின்றான். அவன் செல்போனைக் காதில் வைத்து, "செட்டுக்காரங்க திரும்பி வராங்க, நீங்க கொஞ்சம் லைன்லயே இருங்க" என்று அந்த டிஜே ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐஸ்வர்யா முதலில் இறங்கினாள்.